சொந்தமாகச் சேர்த்த கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்தால்

கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன் நான். எங்கள் தொழிலில் கம்பெனி கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் குறைவு. ப்ராசஸர் ஒரு கடையில், கிராபிக்ஸ் கார்டு இன்னொரு கடையில், கேபினெட் தெரிந்தவரிடம் பழசு என்று பொறுக்கிச் சேர்த்து வீட்டிலேயே பூட்டியவைதான் எல்லாம். முகூர்த்த மாதம் வந்தால் ராத்திரி பூராவும் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை, ஓடும். அணைகிற கம்ப்யூட்டர் அப்போது பார்த்துத்தான் அணையும். மறுநாள் காலையில் எனக்குப் போன் வரும்: "அண்ணே, எஸ்எம்பிஎஸ் அடிச்சிருச்சுன்னு நெனைக்கேன், எது வாங்கலாம்?"

எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி. முதலில் எதையும் வாங்காதீர்கள். எப்போதாவது வரும் கோளாறில் உள்ள சூது என்னவென்றால், எதை மாற்றினாலும் ரெண்டு நாள் சரியாகிவிட்டது போலத் தெரியும். புது எஸ்எம்பிஎஸ் போட்டதும் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டு, பழசை யாருக்காவது கொடுத்தும் விடுவீர்கள். அடுத்த வாரம் மறுபடி அணையும். ஆகவே பர்ஸைத் திறக்கும் முன் கண்ணைத் திறங்கள். கம்ப்யூட்டர் எப்படி அணைகிறது, எந்த நேரத்தில் அணைகிறது, அணைந்த பிறகு என்ன செய்கிறது என்று பார்த்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அணைகிற விதம்

"அணைகிறது" என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ஃபேனும் நின்றதா என்பது. திரை மட்டும் கறுத்துப்போய், கிராபிக்ஸ் கார்டு ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தால் கம்ப்யூட்டர் அணையவில்லை. கார்டு மட்டும் கைவிட்டிருக்கிறது. கார்டின் சூடு, அதற்குப் போகும் பவர் கேபிள், டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மூன்றையும் பாருங்கள். பெரிய பிழையில் விண்டோஸ் காட்டும் நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் ரேம், டிரைவர், ஓவர்கிளாக் (பாகங்களை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டுவது) பக்கம். விண்டோஸ் ஒழுங்காக "ஷட்டிங் டவுன்" காட்டி அணைந்தால் ஏதோ ஒரு மென்பொருளோ அப்டேட்டோ கட்டளை கொடுத்திருக்கிறது. மின்சாரம் போனது போல ஒரே நொடியில் எல்லாம் இருண்டால்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்கு.

அப்படி இருண்ட அந்தக் கணத்தில், அவசரப்பட்டு பவர் பட்டனை அமுக்காமல் கேபினெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எரியும் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் எரிவது அது. உங்கள் போர்டில் விளக்கு இல்லையென்றால், அணைந்த பின்னும் மவுஸ் அடியில் சிவப்பாக எரிகிறதா என்று பார்க்கலாம். அந்த வெளிச்சமும் சேர்ந்து போயிருந்தால் சுவரிலிருந்து மின்சாரம் வந்ததா என்பதையே சந்தேகப்பட வேண்டும். வெளிச்சம் இருக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்தது என்றால் கோளாறு பெரும்பாலும் கேபினெட்டுக்குள்.

அடுத்தது, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள். உடனே உயிர் வருகிறதா? எவ்வளவு அமுக்கினாலும் வராமல், எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள ஸ்விட்சை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால்தான் வருகிறதா? இரண்டாவது நிலைமை என்றால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. அதிக மின்னோட்டம், ஷார்ட் போன்றவற்றைக் கண்டால் அது அப்படிச் செய்யும். பூட்டு விடுபட மெயின் மின்சாரத்தை எடுக்க வேண்டும். ஆக, எஸ்எம்பிஎஸ் தான் பலவீனமாக இருப்பதால் பூட்டிக்கொள்ளலாம், அல்லது வேறெங்கோ உள்ள ஷார்ட்டிலிருந்து காப்பாற்றவும் பூட்டிக்கொள்ளலாம். மூன்றாவது நிலைமையும் உண்டு: பட்டனை அமுக்கினால் எழும், சில நொடிகளில் மறுபடி விழும். சற்று நேரம் ஆறவிட்டால் கொஞ்சம் கூடுதலாக ஓடும். அது சூடு.

இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் நேரத்தோடு எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். ரெண்டர் ஓடும்போதா, சும்மா இருக்கும்போதா, கேம் ஆடும்போதா, எத்தனை மணிக்கு, அப்போது வீட்டில் வேறென்ன ஓடியது. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால் எல்லாம் கலந்துவிடும்.

விண்டோஸ் எழுதி வைத்திருப்பது

ஸ்டார்ட்டில் "ஈவென்ட் வியூவர்" என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போங்கள். கெர்னல் பவர் 41 என்ற சிவப்புப் பதிவைப் பார்த்ததும் பலர் "பவர் என்று போட்டிருக்கிறது, எஸ்எம்பிஎஸ்தான்" என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தப் பதிவுக்கு அர்த்தம் அதுவல்ல. போன முறை ஒழுங்காக அணையவில்லை என்று, திரும்ப எழுந்த பிறகு விண்டோஸ் எழுதிக்கொள்ளும் குறிப்பு, அவ்வளவுதான். அதன் டீடெயில்ஸ் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. பக்செக் கோடு என்ற வரியில் 0 இருந்தால் விண்டோஸுக்கு ஒன்றுமே தெரியாமல் உயிர் போயிருக்கிறது, அல்லது அப்படியே உறைந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது, உங்கள் கண்ணில் படவில்லை. 292 என்றால் வன்பொருள் பிழை, 26 என்றால் நினைவகம், 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் பக்கம் தேடுங்கள்.

அதே பக்கத்தில் பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் என்றொரு வரி உண்டு. நீங்கள் பட்டனைத் தொடாதபோதும் அதில் 0 தவிர வேறு எண் இருந்தால் பட்டன் அமுங்கிக்கிடந்திருக்கிறது. இந்த வரியை யாரும் பார்ப்பதில்லை.

6008 என்ற பதிவில் எதிர்பாராமல் அணைந்த நேரம் இருக்கும், உங்கள் துண்டுச் சீட்டோடு ஒப்பிட உதவும். 1074 இருந்தால் எந்த மென்பொருள் அணைக்கச் சொன்னது என்று பெயரோடு வரும். வியா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் 18 என்ற பதிவு கூட்டமாக இருந்தால் ப்ராசஸர், அதன் வோல்டேஜ், பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் பக்கம் போக வேண்டும்.

அப்படியே இன்னொரு வேலை. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி திறந்து, "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்துவிடுங்கள். நீலத்திரை இருந்தால் இனி அங்கேயே நிற்கும்.

சுவரிலிருந்து ஆரம்பியுங்கள்

கேபினெட்டைத் திறக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆனால் கரண்ட் சுவரிலிருந்துதான் வருகிறது, தேடலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு டேபிள் லேம்ப்பை எடுத்துக் கம்ப்யூட்டர் மாட்டியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி எரியவிடுங்கள். கம்ப்யூட்டர் அணையும்போது லேம்ப்பும் சிமிட்டினால் வழக்கு முடிந்தது. பாக்ஸில் பிளக்கை லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே சர்ரென்று சத்தம் கேட்டாலோ, பின் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலோ பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள், ரிப்பேர் பார்க்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகும் அந்தக் கறுப்பு பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். பழைய மானிட்டரோடு வந்த மெலிசான கேபிளைப் பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினுக்குப் போட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய.

யூபிஎஸ் இருந்தால் அதைத் தாண்டி நேராகச் சுவரில் மாட்டிச் சில நாள் ஓட்டுங்கள். கடைகளில் சாதாரணமாக விற்கும் 600 விஏ யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் தாங்குபவை. விஏ என்பதை வாட் என்று நினைத்துக்கொண்டு அதில் நல்ல ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரெண்டு மானிட்டர் எல்லாம் மாட்டினால் ரெண்டர் உச்சத்துக்குப் போகும்போது அது கையை விரிக்கும். பேட்டரி பழசாகிவிட்டால் இன்னும் மோசம். கரண்ட் போகவே வேண்டாம், ஒரு சின்ன வோல்டேஜ் இறக்கத்தில் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும், பேட்டரி தாங்காது, எல்லாம் இருளும். நீங்கள் பார்க்கும்போது டியூப்லைட் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் கம்ப்யூட்டர் மேல்தான் சந்தேகம் விழும்.

இன்னொரு நுணுக்கம். விலை குறைந்த யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு மாதிரியான அலையைத்தான் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில அந்த அலையோடு ஒத்துப்போவதில்லை. பழைய மட்டமான எஸ்எம்பிஎஸ் அதே யூபிஎஸ்ஸில் ஓடியது, விலை கொடுத்து வாங்கிய புதுசு அணைகிறது என்று குழம்புவார்கள். அங்கே சுவர் மின்சாரம் போலவே வழவழப்பான அலை தரும் ப்யூர் சைன் வேவ் யூபிஎஸ்தான் வழி.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்பக்கம் பாருங்கள். யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கலாம். நார்மலில் இருந்தால் மாறும் நேரம் கூடுதல். ஃபேனும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி செகண்டுதான், முழுப் பளுவில் அதற்கும் குறையலாம். யூபிஎஸ் மோடுக்குத் தள்ளிவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஸ்டூடியோ ஒன்றில் எடிட்டிங் மெஷின் பகலில் மட்டும் அணையும். ராத்திரி ரெண்டர் விடிய விடிய ஓடும், ஒன்றும் ஆகாது. ஸ்டூடியோக்காரர் இரண்டு எஸ்எம்பிஎஸ் மாற்றிவிட்டுத்தான் கூப்பிட்டார். நான் போய்க் கேபினெட்டைத் தொடாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். காலேஜ் பிள்ளைகள் சிலர் வந்து ஜெராக்ஸ் கேட்டார்கள். அவர் ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்து, தாளை வைத்து, பச்சைப் பட்டனை அமுக்கினார். யூபிஎஸ் "கீ" என்று ஒரு சத்தம் போட்டது, மேலே டியூப்லைட் லேசாக மங்கித் திரும்பியது, கம்ப்யூட்டர் பொத்தென்று போனது. ஜெராக்ஸ் மெஷினும் லேசர் பிரிண்டரும் மையைத் தாளில் உருக்கி ஒட்ட ஒரு ஹீட்டர் வைத்திருக்கின்றன. அது சூடேறும்போது கிட்டத்தட்ட அயர்ன் பாக்ஸ் அளவுக்குக் கரண்ட் இழுக்கும். அவர் அதையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தார். ஜெராக்ஸை நேராகச் சுவருக்கு மாற்றினோம். "ரெண்டு எஸ்எம்பிஎஸ் காசு போச்சே அண்ணாச்சி" என்றார். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

கிராமங்களில் இதே வேலையைக் கிணற்று மோட்டார் செய்யும். சாயங்காலம் ஊரே மோட்டார் போடும் நேரத்தில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 180க்கும் கீழே இறங்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் உள்ள லேபிளைப் பாருங்கள். 100 முதல் 240 வரை என்றிருந்தால் சமாளித்துவிடும். 200 முதல் 240 என்று மட்டும் இருந்தால் சமாளிக்காது, ஸ்டெபிலைசர் வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதா? எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வரும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் கொஞ்சநஞ்ச மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் இரும்பில் நிற்கிறது. அதுவே அணைவதற்குக் காரணமாக இல்லாமல் போகலாம், ஆனால் யூஎஸ்பி சாதனங்கள் தாறுமாறாக நடக்கவும் பாகங்கள் சீக்கிரம் போகவும் அது வழி. மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 20, 30 என்று காட்டினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டியதுதான். மல்ட்டிமீட்டரை மெயின் பிளக் பாயிண்டில் வைக்கப் பழக்கமில்லாதவர்கள் இதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் கேபிள்களும்

சுவர் சுத்தம் என்று தெரிந்த பிறகு எஸ்எம்பிஎஸ். மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் வரை தங்கியிருக்கும். வெளியிலிருந்தே பார்க்க வேண்டியது நிறைய உண்டு.

முதலில் லேபிள். பெட்டியில் பெரிய எழுத்தில் 450 என்று இருப்பதைப் படிக்காதீர்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், 12 ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுவதையும் 12 வோல்ட்டில்தான் எடுக்கின்றன, ஆகவே அந்த 450க்கு மதிப்பு 192தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டு ஓட்டவே கூடாது என்பது என் கட்சி. 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது, பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி என்று சொல்லாது. அதையும் மனதில் வையுங்கள்.

நல்ல கம்பெனி 650 வாட் எஸ்எம்பிஎஸ்கூடச் சில கார்டுகளோடு அணைவது உண்டு. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கிராபிக்ஸ் கார்டுகள் வந்த காலத்தில் இது பெரிய பேச்சாக இருந்தது. சராசரியாக 320, 350 வாட் எடுக்கும் கார்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அதைப் போல ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மடங்கு இழுத்துவிடும். எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் என்று எண்ணிப் பூட்டிக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, 100 மைக்ரோ செகண்டுக்கு இரண்டு மடங்கு பளுவைத் தாங்க வேண்டும் என்று சேர்த்தது. உங்களுக்கு இது பொருந்துமா என்று காசில்லாமல் பார்க்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே ரெண்டரை, அதே கேமை ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டால் குற்றவாளி இந்தப் பக்கம்தான் இருக்கிறான்.

அப்புறம் கேபிள். இதில் நேரம் செலவழியுங்கள். மெயின் கரண்டை அணைத்து, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சத்தை இறக்கிவிட்டு, ஒவ்வொரு கனெக்டரையும் முழுக்கக் கழற்றி மறுபடி சொருகுங்கள். வெளியிலிருந்து அமுக்கிப் பார்ப்பது போதாது. மதர்போர்டின் மேல் இடது மூலையில் ப்ராசஸருக்கு என்று தனியாக ஒரு 8 பின் கனெக்டர் உண்டு. நாலு நாலாகப் பிரியும் அது, ஃபேனுக்கும் கேபினெட் மேல்தட்டுக்கும் நடுவில் கைவிரல் நுழையாத இடத்தில் இருக்கும். அதில் ஒரு பாதி கிளிக் ஆகாமல் மேலே நின்றுகொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் அடித்து உள்ளே பாருங்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் தேன் நிறத்துக்கு மாறியிருந்தால் அங்கே தொடர்பு சரியில்லாமல் சூடேறியிருக்கிறது. பளு ஏறும்போது வோல்டேஜ் விழுந்து அணையும், பளு இல்லாதபோது ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் கேபிளை மட்டும் மாற்றினால் போதாது, போர்டில் உள்ள பின்னும் கெட்டிருக்கும், அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை இருக்கிறதே என்று இரண்டையும் சொருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிளாக இழுங்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்: ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் போடக் கூடாது. துளை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் புகையும். கல்யாண வீடியோ உள்ள ஹார்ட் டிஸ்க் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மல்ட்டிமீட்டர் இருந்தால் நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவே, பளு ஓடும்போது பாருங்கள். 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். சிவப்பில் 4.75 முதல் 5.25. எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரியான மென்பொருள் காட்டும் 12 வோல்ட் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள், போர்டில் உள்ள சென்சார் சில நேரம் ஏதாவது சொல்லும். பச்சை வயரையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸை ஓட்டிப் பார்க்கும் வித்தை உயிர் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஃபேன் சுற்றிவிட்டது, எஸ்எம்பிஎஸ் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

சூடு

எங்கள் ஊர் கரிசல் மண். அந்தத் தூசி மாவு மாதிரி நைசாக இருக்கும், ஹீட்சிங்க் (ப்ராசஸர் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் போய்ப் பாயாகப் படியும். சித்திரை வெயிலில் அறை வெப்பமே 38 என்றால் உள்ளே என்ன ஆகும்? ஆனாலும் தூசியால் மட்டும் ப்ராசஸர் பட்டென்று அணைவது குறைவு. இன்டெல் 12, 13ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் 100 டிகிரி வரையிலும், ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரையிலும் ஓடும். அந்த எல்லையைத் தொட்டதும் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால்தான் அணையும். வேகம் குறைத்தும் ஏறுகிறது என்றால் ஹீட்சிங்க் ஒழுங்காக உட்காரவில்லை, அல்லது வாட்டர் கூலரின் பம்ப் நின்றுவிட்டது.

எச்டபிள்யூஇன்ஃபோவில் லாகிங் போட்டு ஒரு ரெண்டரைத் தொடங்குங்கள். அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். 70 டிகிரியில் அணைந்திருந்தால் ப்ராசஸர் சூட்டை மறந்துவிடலாம். தொடங்கிய பத்து நொடியில் 40லிருந்து 100க்குத் தாவியிருந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டியிருப்பார்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பது. இன்டெல்லோடு வரும் ஹீட்சிங்க் என்றால் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின் இருக்கும். எதிரெதிர் மூலையாக அமுக்க வேண்டும், நாலும் தனித்தனியாகக் கிளிக் என்று சொல்ல வேண்டும். போர்டைத் திருப்பிப் பார்த்தால் நாலு வெள்ளைக் காலும் விரிந்து முழுதாக வெளியே தெரிய வேண்டும். ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.

ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருந்து அதற்கு வேண்டிய வோல்டேஜைத் தயாரிக்கும் விஆர்எம் பகுதி தனிக் கதை. விலை குறைந்த போர்டில் அதன் மேல் ஹீட்சிங்க்கே இருக்காது. 8 கோர், 12 கோர் ப்ராசஸரை அதில் போட்டு மணிக்கணக்கில் ரெண்டர் ஓட்டினால் சில போர்டுகள் அப்படியே உயிரை விடும். ப்ராசஸர் சூடு நார்மலாகவே காட்டும். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒரு டேபிள் ஃபேனை அந்த மூலையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். அணைவது நின்றால் தெரிந்துவிட்டது.

ப்ளோயரால் தூசி அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளும் வெளியிலிருந்தே அடியுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போய் ஷார்ட் ஆன கதைகள் எங்கள் பக்கம் சகஜம், பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட் ஓட்டைகளை மூடி வையுங்கள்.

பட்டன், ஷார்ட், சில்லறை விஷயங்கள்

பவர் பட்டனை 4 நொடி அமுக்கிப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணையும் அல்லவா? மட்டமான கேபினெட்டில் பட்டன் அமுங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டால் அதேதான் நடக்கும். மதர்போர்டிலிருந்து பவர் ஸ்விட்ச், ரீசெட் ஸ்விட்ச் இரண்டு வயரையும் பிடுங்கிவிடுங்கள். பவர் ஸ்விட்ச் இருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கம்ப்யூட்டர் எழும். அப்படியே சில நாள் ஓட்டுங்கள். செலவு பூஜ்யம்.

போர்டுக்கு அடியில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கால்) தேவையில்லாத இடத்தில் இருக்கிறதா, ஸ்க்ரூ ஏதும் விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத் தகட்டின் நாக்கு யூஎஸ்பி துளைக்குள் மடங்கியிருந்தாலும் ஷார்ட்தான். முன்பக்க யூஎஸ்பி உடைந்திருந்தால் அதன் கேபிளைப் போர்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

சும்மா இருக்கும்போது அணைந்தால்

ரெண்டர் ஓடும்போது கல்லு மாதிரி நிற்கும், சாப்பிடப் போய்விட்டு வந்தால் அணைந்திருக்கும் அல்லது ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். இதற்கு எஸ்எம்பிஎஸ் வாட்டைக் கூட்டிப் பயனில்லை. பயாஸில் தேட வேண்டும். ரைசன் என்றால் "பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்" என்ற அமைப்பை "டிபிகல் கரண்ட் ஐடில்" என்று மாற்றுங்கள். ப்ராசஸர் தூங்கும்போது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைந்துபோனால் சில எஸ்எம்பிஎஸ்கள் தடுமாறுகின்றன, அதற்கான மருந்து இது. ப்ராசஸர் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் போட்டு வைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். பளுவில் ஒன்றும் தெரியாது, சும்மா இருக்கும்போதுதான் அது காலை வாரும்.

ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் போட்டிருந்தால் அணைத்துவிட்டுச் சில நாள் ஓட்டுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் பிழைதான், "ஒன்றுதானே" என்று விட்டுவிடக் கூடாது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். வோல்டேஜ் அதிகமாகப் போய் ப்ராசஸர் மெல்ல மெல்லக் கெடும் பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. ஏற்கெனவே கெட்டதை அவை சரிசெய்யாது, ஆனால் வாரண்டியை இன்டெல் 2 வருடம் நீட்டியிருக்கிறது, பில்லைத் தேடி எடுங்கள். பயாஸ் அப்டேட் செய்யும்போது மெஷின் அணைந்தால் போர்டே போய்விடலாம். அணைகிற மெஷினில் சுவர், கேபிள், சூடு எல்லாம் பார்த்து முடித்த பிறகே அதைத் தொடுங்கள்.

இன்னொரு குட்டிச் சோதனை, பயாஸ் திரையிலேயே அரை மணி நேரம் விட்டுவைப்பது. அங்கேயும் அணைந்தால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடும் வேலையை மிச்சப்படுத்தலாம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

எல்லாவற்றையும் கழற்றுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வைத்து, ப்ராசஸர், ஹீட்சிங்க், ஒரே ஒரு ரேம், ஒரு எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டுங்கள். ப்ராசஸரிலேயே டிஸ்ப்ளே இருந்தால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். இந்த எலும்புக்கூடு அணையாமல் ஓடினால் ஒரு நேரத்தில் ஒரு பாகம் என்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். இரண்டைச் சேர்த்துப் போட்டீர்கள் என்றால் எதனால் அணைந்தது என்று மறுபடி தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக அணையும் இடைவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் கொடுங்கள்.

எலும்புக்கூடே அணைந்தால் அப்போதுதான் எஸ்எம்பிஎஸ். அதையும் நண்பரிடம் கடன் வாங்கிப் போடுங்கள், அதற்குரிய கேபிள்களோடு சேர்த்து. கடன் எஸ்எம்பிஎஸ்ஸிலும் அணைந்தால், ரேமையும் மாற்றிப் பார்த்துவிட்டால், மிச்சம் மதர்போர்டும் ப்ராசஸரும். இரண்டில் போர்டு போவதுதான் அதிகம். வாரண்டி இருந்தால் பில்லோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். "அப்பப்போ அணையுது" என்று மட்டும் சொன்னால் அவர்கள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பித் தருவார்கள். அந்தத் துண்டுச் சீட்டின் நகலையும், 41 பதிவின் படத்தையும், அணையும் தருணத்தைப் போனில் எடுத்த வீடியோவையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த வேலை ஓட்டினால் எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்பதையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.